வாலிப வயதில் வரும் நடுக்குவாதம்



நடுக்குவாதம் என்றதும் நம் மனக்கண்ணில் வருவது வயதான ஒருவரின் உருவம். முன்னோக்கி வளைந்த முதுகு, சின்னச் சின்ன எட்டுகளாக நடை, மடியில் வைத்த கை தானாகவே ஆடிக்கொண்டிருக்கும் காட்சி. வீட்டில் இருப்பவர்களும், "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று சொல்லிக்கொள்வார்கள். பெரும்பாலோருக்கு இந்த வியாதி அறுபது வயதை ஒட்டியோ அதற்குப் பின்போதான் வருகிறது. ஆனால் சிலருக்கு ஐம்பது வயதுக்கு முன்பே வருகிறது. வெகு சிலருக்கு இருபது வயதிலும், அதற்கு முன்னரும்கூட வருவதுண்டு. ஒரே வீட்டில் அக்காளுக்கும் தம்பிக்கும் வருவதும் உண்டு.

வாலிபப் பிள்ளைக்கு இது வரும்போது வீட்டாருக்கு எழும் கேள்விகள் வேறு. "எங்கள் குடும்பத்தில் யாருக்குமே இல்லையே, இவளுக்கு மட்டும் ஏன்?" "மற்றப் பிள்ளைகளுக்கும் வருமா?" "இவனுக்குக் கல்யாணம் செய்து வைக்கலாமா?" இந்தக் கேள்விகளுக்கு முப்பது வருடங்களுக்கு முன் எந்த வைத்தியரும் தெளிவாகப் பதில் சொல்லியிருக்க முடியாது. இன்று ஓரளவு சொல்ல முடியும். அந்தப் பதில் எப்படிக் கிடைத்தது, அது எவ்வளவு தூரம் உதவும் என்பதை இங்கே எளிய முறையில் விளக்க முயலுகிறோம்.

வியாதி என்ன?

1817-ம் ஆண்டில் லண்டன் நகரின் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற வைத்தியர் ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். அதில் ஆறு பேரைப் பற்றி எழுதியிருந்தார். அவர்களில் சிலரை அவர் தெருவில் கண்டதோடு சரி. ஒருவரைத் தூரத்திலிருந்து மட்டுமே பார்த்தார். இருந்தும் அவர் எழுதிய வர்ணனை இன்றளவும் பெரும்பாலும் சரியாக இருக்கிறது. கண்ணால் நன்றாகப் பார்க்கத் தெரிந்த வைத்தியருக்கு இது ஒரு நல்ல அத்தாட்சி. பின்னாளில் இந்த வியாதிக்கு அவர் பெயரே வந்தது.

மூளையின் அடிப்பகுதியில் கருமை நிறமுள்ள ஒரு சிறிய பகுதி இருக்கிறது. அங்குள்ள உயிரணுக்கள் டோபமின் என்ற ரசாயனப் பொருளை உண்டாக்குகின்றன. நம்முடைய அசைவுகள் தங்குதடையின்றி நடக்க இந்த டோபமின் தேவை. அந்தக் கருநிற உயிரணுக்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போவதே பார்க்கின்சன் வியாதி. நோய்க்குறிகள் வெளியே தெரியும் காலத்திற்குள் அங்குள்ள டோபமினில் பெரும்பங்கு குறைந்துபோயிருக்கும். கை சும்மா இருக்கும்போது நடுங்கும். உடல் விறைக்கும். எந்தக் காரியத்தைத் தொடங்கவும் தாமதமாகும். கையெழுத்து வரவரச் சிறுத்துப்போகும்.

டோபமினின் கதையில் நம் நாட்டுக்கும் ஒரு பங்குண்டு. சுவீடன் தேசத்து ஆர்விட் கார்ல்சன், சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுக்கப்படும் ரெசர்பின் மருந்தை முயல்களுக்குக் கொடுத்தார். அவை அசையாமல் கிடந்தன. பின்பு லெவோடோபா கொடுத்தபோது எழுந்து நடமாடின. இது 1957-ல் நடந்தது. 1960-ல் வியன்னாவில் ஓலே ஹோர்னிகீவிச், இந்த வியாதியால் இறந்தவர்களின் மூளையில் டோபமின் குறைந்திருப்பதைக் கண்டார். அதன்பின் லெவோடோபா மருந்தாகப் பயன்பாட்டுக்கு வந்தது. அதே லெவோடோபா நமது பூனைக்காலி விதையில் இருப்பதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாமோதரனும் ராமசுவாமியும் 1937-லேயே பிரித்தெடுத்துக் காட்டியிருந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. (இதைப் படித்துவிட்டு யாரும் பூனைக்காலிப் பொடியை வாங்கித் தாங்களே அளவு போட்டுச் சாப்பிட வேண்டாம். ஒரு பொடியில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று யாராலும் பார்வையால் சொல்ல முடியாது.)

பரம்பரையா, சூழ்நிலையா?

இந்த வியாதி பரம்பரையாக வருவதல்ல என்றே வெகுகாலம் வைத்தியர்கள் நம்பினார்கள். 1982-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நடந்த ஒரு பயங்கரமான சம்பவம் அந்த நம்பிக்கையை இன்னும் பலப்படுத்தியது. கள்ளத்தனமாகத் தயாரித்த ஒரு போதைப்பொருளை ஊசி மூலம் ஏற்றிக்கொண்ட சில வாலிபர்கள், சில நாட்களுக்குள் கட்டைபோல விறைத்துப்போனார்கள். அந்தப் பொருளில் கலந்திருந்த எம்பிடிபி என்ற நஞ்சு, மூளையின் கருநிற உயிரணுக்களை மட்டும் தேடிப்பிடித்ததுபோல் அழித்திருந்தது. வில்லியம் லாங்ஸ்டன் என்ற நரம்பியல் வைத்தியர் இதைக் கண்டறிந்தார். அந்த நஞ்சு உயிரணுவுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவைத்தான் தாக்குகிறது என்பதும் பிறகு தெரிந்தது. உயிரணுவுக்கு வேண்டிய சக்தியை உண்டாக்கும் சின்ன அடுப்பு என்று மைட்டோகாண்ட்ரியாவைச் சொல்லலாம். இந்த அடுப்பை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவும். பின்னால் மறுபடியும் வரும்.

இரட்டையர்களைக் கொண்டு நடத்திய ஓர் ஆராய்ச்சி 1999-ல் வெளியாயிற்று. இரண்டாம் உலக யுத்தத்தில் சேவை செய்த அமெரிக்க இரட்டைச் சகோதரர்களைக் கரோலின் டானர் என்பவரும் அவருடைய குழுவினரும் பரிசோதித்தார்கள். ஐம்பது வயதுக்குப் பிறகு வியாதி வந்தவர்களிடையே பரம்பரைக்குப் பெரிய பங்கு தெரியவில்லை. ஆனால் ஐம்பது வயதிலோ அதற்கு முன்போ வந்தவர்களின் கணக்கு வேறு விதமாக இருந்தது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் ஜோடிகள் நான்கில் நான்கிலுமே இருவருக்கும் வியாதி இருந்தது. தனித்தனிக் கருவான இரட்டையரில் 12 ஜோடிகளில் இரண்டில் மட்டுமே அப்படி இருந்தது. எண்ணிக்கை சிறியதுதான். ஆனாலும் அது காட்டிய திசை தெளிவானது: இளவயதில் வரும் நடுக்குவாதத்தில் பரம்பரைக்குப் பெரும் பங்கு உண்டு.

இத்தாலியக் கிராமத்துக் குடும்பம்

முதல் ஜீன் (மரபணு) இதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்பே கிடைத்துவிட்டது. தென் இத்தாலியில் கொன்துர்சி என்றொரு ஊர். அந்த ஊரிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர்களும் ஊரிலேயே தங்கிவிட்டவர்களுமாக, ஒரே வம்சத்தில் 60 பேருக்கு இந்த வியாதி வந்திருந்ததை லாரன்ஸ் கோல்பியும் ரோஜர் துவாசினும் விசாரித்துப் பட்டியலிட்டார்கள். வியாதி தொடங்கிய சராசரி வயது சுமார் 46. 1997-ல் மிஹாயில் பாலிமெரோபுலோஸ் குழுவினர், 4-ம் குரோமோசோமில் உள்ள ஆல்ஃபா சைனுக்ளீன் என்ற புரதத்தின் ஜீனில் ஒரே ஓர் எழுத்துப் பிழை இருப்பதைக் கண்டார்கள். கிரேக்க நாட்டில் மூன்று குடும்பங்களிலும் அதே பிழை இருந்தது.

இந்த வகையில் தாய் தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து பிழையான ஜீன் வந்தாலே போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வந்து சேர இரண்டில் ஒரு வாய்ப்பு. அதனால் தலைமுறை தலைமுறையாக வியாதி தொடரும். 2003-ல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்துக் குடும்பம் ஒன்றில் இன்னொரு விசித்திரம் தெரிந்தது. அங்கே ஜீனில் எழுத்துப் பிழை எதுவும் இல்லை. அந்த ஜீன் ஒரு குரோமோசோமில் ஒன்றுக்குப் பதில் மூன்று பிரதிகளாக இருந்தது. நல்ல புரதமே அளவுக்கு மிஞ்சினாலும் மூளைக்கு நஞ்சாகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் இப்படிப்பட்ட குடும்பங்கள் உலகத்தில் மிகச் சிலவே.

ஜப்பான் தந்த விடை

வாலிப வயது வியாதிக்கு அடிக்கடி காணப்படும் பரம்பரைக் காரணம் வேறொரு ஜீன். அதைக் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானியர்.

1973-ல் யமமுரா என்ற வைத்தியரும் அவருடைய உடன் ஊழியர்களும் ஓர் அபூர்வமான நோயாளிக் கூட்டத்தைப் பற்றி எழுதினார்கள். இவர்களுக்கு வியாதி இளவயதிலேயே தொடங்கியிருந்தது. காலையில் எழுந்ததும் ஓரளவு நன்றாக நடப்பார்கள். பொழுது ஏற ஏறக் கால் இழுக்கும், பாதம் உட்புறமாக முறுக்கிக்கொள்ளும். சற்று நேரம் தூங்கி எழுந்தால் மறுபடியும் இலகுவாகும். பெற்றோருக்கு வியாதி இல்லை. ஆனால் கூடப் பிறந்தவர்களுக்கு இருந்தது. பல குடும்பங்களில் பெற்றோர் நெருங்கிய உறவுக்குள் மணம் செய்தவர்கள். காலையில் நன்றாக நடந்த பெண் மாலையில் விழுந்து விழுந்து நடந்தால் ஊர் என்ன சொல்லும்? நடிக்கிறாள் என்று சொல்லும். வைத்தியர்களிலும் அப்படி நினைப்பவர்கள் உண்டு. நோயாளி சொல்வதை அப்படியே நம்பி, நேரத்தையும் குறித்துக்கொண்டு, பொறுமையாக எழுதி வைத்ததுதான் இந்தக் கதையில் முதல் பெரிய காரியம் என்பது என் எண்ணம்.

அதற்குப்பின் இருபது வருடங்களுக்கு மேல் சென்றன. டோக்கியோவின் ஜுன்டெண்டோ பல்கலைக்கழகத்தில் மிசுனோ யோஷிகுனி என்ற பேராசிரியரும் அவருடன் பணிசெய்த மட்சுமினே, ஹட்டோரி முதலியோரும் இப்படிப்பட்ட குடும்பங்களின் ரத்தத்தைச் சேகரித்து ஆராய்ந்தார்கள். 1997-ல் அந்த ஜீன் 6-ம் குரோமோசோமின் நீண்ட கையில் எங்கோ இருக்கிறது என்று தெரிந்தது. எங்கோ என்றால், ஒரு ஜில்லாவின் பெயர் தெரிந்து வீட்டு இலக்கம் தெரியாத நிலை. அப்பொழுது ஒரு குடும்பத்தில் அவர்களுக்கு எதிர்பாராத உதவி கிடைத்தது. குரோமோசோமில் அடையாளக் கல் போல வைத்துக்கொண்டிருந்த ஒரு சிறு துண்டு, ஒரு நோயாளியிடம் அடியோடு காணவில்லை. கல் காணாமல் போன இடத்தில்தான் வீடும் இடிந்திருக்க வேண்டும் அல்லவா? அந்த இடத்தைச் சுற்றி கெயோ பல்கலைக்கழகத்தின் ஷிமிசு நொபுயோஷியின் ஆய்வுக்கூடம் தேடியது. 1998 ஏப்ரலில் கிடாடா முதல் ஆசிரியராக அமைந்த கட்டுரை 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. ஜீனுக்குப் பார்க்கின் என்று பெயர் வைத்தார்கள்.

மனித ஜீன்களில் மிக நீளமானவற்றில் பார்க்கினும் ஒன்று. அதில் 12 பகுதிகள் உண்டு. அது உண்டாக்கும் புரதமோ 465 மணிகள் கோத்த ஒரு மாலை மட்டுமே. நோயாளிகளில் பலரிடம் அந்த 12 பகுதிகளில் ஒன்றோ பலவோ முழுவதுமாக விடுபட்டுப் போயிருந்தன. புத்தகத்தில் எழுத்துப் பிழை இருப்பது ஒன்று, பக்கமே கிழிந்து போயிருப்பது வேறு. இந்த வித்தியாசம் பரிசோதனை செய்யும்போது முக்கியமாகிறது. பிழை மட்டும் தேடும் பரிசோதனை கிழிந்த பக்கத்தைக் கவனிக்காமல் விட்டுவிடலாம். ஒவ்வொரு பகுதியும் எத்தனை பிரதி இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கும் பரிசோதனையும் சேர்த்துச் செய்தால்தான் முடிவை நம்பலாம்.

முதலில் இது ஜப்பானியருக்கு மட்டும் உரிய வியாதி என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். 2000-ல் வந்த ஐரோப்பிய ஆராய்ச்சி அதைத் தீர்த்துவைத்தது. 45 வயதுக்குள் வியாதி தொடங்கியவர்கள் இருந்த 73 குடும்பங்களில் 36-ல் பார்க்கின் ஜீன் பழுதுபட்டிருந்தது. குடும்பத்தில் வேறு யாருக்கும் வியாதி இல்லாத நோயாளிகளிடமும் தேடினார்கள். 20 வயதுக்குள் தொடங்கிய 13 பேரில் 10 பேருக்கு அந்தப் பழுது இருந்தது. முப்பது வயதுக்கு மேல் தொடங்கிய 64 பேரில் இருவருக்கே இருந்தது. எவ்வளவு இளவயதில் தொடங்குகிறதோ அவ்வளவுக்கு இந்த ஜீனைச் சந்தேகிக்க வேண்டும் என்பது இதன் பொருள். இந்திய நோயாளிகளிடமும் இந்த ஜீனின் பழுதுகள் கண்டறியப்பட்டுள்ளன.

குடும்பத்தில் யாருக்கும் இல்லாதது எப்படி வந்தது?

நமக்கு ஒவ்வொரு ஜீனும் இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று தாயிடமிருந்து, ஒன்று தகப்பனிடமிருந்து. பார்க்கின் விஷயத்தில் ஒன்று பழுதுபட்டாலும் மற்றொன்று வேலையைச் செய்துவிடும். இரண்டும் பழுதுபட்டால்தான் இந்த வாலிப வயது வியாதி வரும். ஒரு பழுதான பிரதியைச் சுமந்துகொண்டு சுகமாக இருப்பவரை 'காவி' என்பார்கள். தாயும் தகப்பனும் காவிகளாக இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு பிள்ளைக்கு இரண்டு பழுதும் சேர்ந்து வர. நான்கில் இரண்டு வாய்ப்பு பிள்ளையும் காவியாக இருக்க. நான்கில் ஒன்று பழுதே இல்லாமல் பிறக்க. முதல் பிள்ளைக்கு வியாதி வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைகளுக்கு வராது என்று கணக்குப் போடக்கூடாது. ஒவ்வொரு முறையும் சீட்டு புதிதாகக் குலுக்கப்படுகிறது.

இந்த வகைப் பழுது பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து ஓசையில்லாமல் இறங்கி வரும். இரண்டு காவிகள் தம்பதிகளாகும் வீட்டில் மட்டும் அது வெளிப்படும். உறவுக்குள் மணம் செய்யும்போது அந்தச் சந்திப்பு எளிதாகிறது, ஏனெனில் இருவருக்கும் பொதுவான பாட்டனார் ஒருவரிடமிருந்தே பழுது இறங்கியிருக்கலாம். தமிழ்நாட்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு திருமணம் இன்றும் சொந்தத்துக்குள் நடக்கிறது. கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் காவி என்று வைத்துக்கொள்வோம். அவருடைய மாமன் மகளோ அத்தை மகனோ அதே பழுதைச் சுமக்க எட்டில் ஒரு வாய்ப்பு. தாய்மாமன், அக்காள் மகள் என்றால் நான்கில் ஒன்று. ஆகவே அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைக்கு வியாதி வரும் வாய்ப்பு முதல் வகையில் 32-ல் ஒன்று, இரண்டாவது வகையில் 16-ல் ஒன்று. உறவில் மணம் செய்த எல்லார் வீட்டிலும் இப்படி ஆகும் என்று யாரும் பயப்படத் தேவையில்லை. குடும்பத்தில் ஒருவருக்கு இந்த வியாதி இருப்பது தெரிந்தபின்பு, அதே குடும்பத்துக்குள் மறுபடியும் சம்பந்தம் பேசுவதைத் தவிர்ப்பது நல்லது.

இதோடு சேர்த்து ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பிள்ளைக்கு வியாதி வந்தால் நம் வீடுகளில் பழி பெரும்பாலும் தாயின் தலையில்தான் விழுகிறது. "உன் வழியில் வந்தது" என்கிறார்கள். பார்க்கின் வகையில் இது பொய். பிள்ளைக்கு வியாதி வந்திருந்தால் தகப்பனிடமிருந்து ஒரு பழுதும் தாயிடமிருந்து ஒரு பழுதும் வந்திருக்கின்றன. பாதிப் பாதி. இதை மாமியார், மாமனார் முன்னிலையில் வைத்தியர் வாயால் ஒரு தரம் சொல்லிவிட்டால் சில வீடுகளில் மருந்தைவிட அதிக நன்மை உண்டாகும்.

பார்க்கின் செய்யும் வேலை

பார்க்கின் இல்லாவிட்டால் கருநிற உயிரணுக்கள் ஏன் சாகின்றன? 2000-ல் ஜப்பானியக் குழுவே இதன் முதல் பாதியைக் கண்டது. உயிரணுவுக்குள் பழுதடைந்த பொருட்களின் மேல் 'அப்புறப்படுத்து' என்று அடையாளச் சீட்டு ஒட்டும் வேலையைப் பார்க்கின் செய்கிறது. மறு பாதி பழ ஈக்களிடமிருந்து கிடைத்தது. 2003-ல் பார்க்கின் இல்லாத ஈக்களை ஆராய்ச்சிக்காரர்கள் உண்டாக்கினார்கள். அவற்றால் சரியாகப் பறக்க முடியவில்லை. அவற்றின் தசைகளில் மைட்டோகாண்ட்ரியா, அதாவது நாம் முன்பு சொன்ன அடுப்பு, சிதைந்து கிடந்தது.

இதற்கிடையில் சிசிலித் தீவின் ஒரு பெரிய குடும்பத்திலிருந்து இன்னொரு ஜீனின் சுவடு கிடைத்து, 2004-ல் பிங்க்-1 என்ற ஜீன் அடையாளம் காணப்பட்டது. நெதர்லாந்திலும் இத்தாலியிலும் இரண்டு குடும்பங்களில் டிஜே-1 என்ற ஜீன் 2003-ல் கிடைத்தது. இவை இரண்டும் பார்க்கின் போலவே இருபுறமும் பழுதுபட்டால்தான் வியாதியைத் தருபவை. பிங்க்-1 இல்லாத ஈக்களும் பார்க்கின் இல்லாத ஈக்களைப் போலவே தளர்ந்திருந்தன. 2006-ல் அந்த ஈக்களுக்குப் பார்க்கினை அதிகமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அவை தேறின. பார்க்கின் இல்லாத ஈக்களுக்குப் பிங்க்-1 கொடுத்தபோது தேறவில்லை. ஆகவே முதலில் பிங்க்-1, அதற்கு அடுத்தது பார்க்கின் என்று வரிசை புரிந்தது.

2008-லும் அதை அடுத்த ஆண்டுகளிலும் அமெரிக்காவின் ரிச்சர்டு யூல் குழுவினர் இதைக் கண்ணால் காணச் செய்தார்கள். அடுப்பு பழுதானால் பிங்க்-1 அதன் மேல்தோலில் வந்து குவிகிறது. அது பார்க்கினை அழைக்கிறது. பார்க்கின் ஓடி வந்து சீட்டு ஒட்டுகிறது. பிறகு உயிரணு அந்தப் பழைய அடுப்பை விழுங்கிச் செரித்துவிடுகிறது. அழைப்பவன் இல்லாவிட்டாலும், சீட்டு ஒட்டுபவன் இல்லாவிட்டாலும், பழுதான அடுப்புகள் புகைந்துகொண்டே கிடக்கும் என்று கருதப்படுகிறது. கலிபோர்னிய வாலிபர்களை முடக்கிய நஞ்சு தாக்கிய இடமும் இதே அடுப்புதான். சூழ்நிலை என்றும் பரம்பரை என்றும் இரண்டு கட்சியாக நின்றவர்கள் ஒரே வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள்.

இன்னும் இரண்டு ஜீன்களைக் குறிப்பிட்டுச் செல்வோம். 2004-ல் தெரியவந்த லர்க்-2, வட ஆப்பிரிக்க அரபு மக்களிடமும் ஐரோப்பிய வழி யூதர்களிடமும் அதிகம் காணப்படுவது. பெரும்பாலும் வயதான பின்பே வியாதியைத் தரும். பழுது இருந்தும் கடைசிவரை வியாதி வராமல் வாழ்ந்து முடிப்பவர்கள் பலர். கோஷே வியாதிக்குக் காரணமான ஜிபிஏ ஜீனும் அப்படியே. அது ஆபத்தைக் கூட்டுகிறது, வியாதியைக் கட்டாயமாக்குவதில்லை.

நோயாளிக்கு இதனால் என்ன?

வாலிபர் ஒருவருக்கு நடுக்கமோ விறைப்போ கண்டால், பார்க்கின்சன் என்று முத்திரை குத்துமுன் வில்சன் வியாதி இல்லை என்று உறுதி செய்யவேண்டும். இதுவும் ஜீன் பழுதால் வருவதே. சரீரத்தில் செம்பு சேர்ந்து ஈரலையும் மூளையையும் கெடுக்கும். கண்ணின் கருவிழி ஓரத்தில் பழுப்பு வளையம் தெரியலாம். ரத்தத்திலும் சிறுநீரிலும் செய்யும் பரிசோதனைகளால் கண்டுபிடிக்கலாம். 1956-ல் ஜான் வால்ஷ் அறிமுகப்படுத்திய பெனிசிலமின் முதல் துத்தநாகம் வரை இதற்கு மருந்து உண்டு. காலத்தோடு தொடங்கினால் நல்ல வாழ்வு வாழலாம். தவறவிட்டால் உயிருக்கே ஆபத்து. இந்த ஒரு பரிசோதனையைச் செய்யாமல் விடுவதற்கு எந்தச் சாக்கும் இல்லை.

அடுத்தது, ஜப்பானின் செகாவா விவரித்த வியாதி. சிறுபிள்ளைகளுக்குக் கால் முறுக்கிக்கொள்ளும். மாலையில் அதிகமாகும், தூங்கி எழுந்தால் குறையும். யமமுராவின் நோயாளிகளை அப்படியே நினைவுபடுத்துகிறது அல்லவா? ஆனால் இதில் உயிரணுக்கள் சாவதில்லை. டோபமின் செய்யும் வழியில் ஒரு சிறு அடைப்பு, அவ்வளவே. மிகக் குறைந்த அளவு லெவோடோபாவில் ஆச்சரியமான சுகம் கிடைக்கும், வருடக்கணக்காக நிலைக்கும். மூளைவாதம் என்று எண்ணி ஒரு மூலையில் விடப்பட்ட பிள்ளைகளில் சிலர் இந்த மாத்திரையால் எழுந்து நடந்திருக்கிறார்கள்.

இவை இரண்டும் இல்லை, பார்க்கின் வகைதான் என்று தெரிந்தால் செய்தி முழுவதும் துக்கமானதல்ல. இந்த வகை மெதுவாகவே முற்றுகிறது. நினைவும் புத்தியும் பெரும்பாலும் கெடுவதில்லை. லெவோடோபா குறைந்த அளவிலேயே நன்றாக வேலை செய்கிறது. ஆனால் வாலிபர்களுக்கு அந்த மருந்தின் பின்விளைவாகக் கைகால்கள் தாமாக ஆடி நெளிவது சீக்கிரமாகவே வந்துவிடலாம். ஆகையால் அளவை நிதானமாகவே கூட்டவேண்டும். ஆட்டத்தைக் கண்டு பயந்து மருந்தைத் திடீரென்று நிறுத்துவது மிகவும் ஆபத்தானது. மருந்தின் அளவை மாற்றியும் பலன் இல்லாதவர்களில் தகுதியானவர்களுக்கு மூளைக்குள் மெல்லிய மின்கம்பி பொருத்தும் சிகிச்சையும் உண்டு. செலவு அதிகம். நடை, நீச்சல், சைக்கிள் முதலிய உடற்பயிற்சி எல்லாருக்கும் நல்லது, அதற்குச் செலவும் இல்லை. வியாதியின் ஓட்டத்தையே நிறுத்திவிடும் என்று நிரூபிக்கப்பட்ட மருந்து இன்னும் வரவில்லை.

ஜீன் பரிசோதனை யாருக்கு? இளவயதில் வியாதி வந்தவருக்கு, அவர் விரும்பினால், ஆலோசனை சொல்லத் தெரிந்தவர் ஒருவர் உடனிருக்கச் செய்யலாம். சிகிச்சையை அது பெரிதாக மாற்றாவிட்டாலும், 'ஏன்' என்ற கேள்விக்கு விடை தரும். சுகமாயிருக்கும் தம்பி தங்கைகளை இழுத்து வந்து பரிசோதிப்பது வேறு காரியம். பதினைந்து வயதுப் பெண்ணிடம், "உனக்கும் வரப்போகிறது" என்று சொல்லி, தடுக்கவோ ஒரு மருந்தும் கொடுக்க முடியாத நிலையில் அவளை வீட்டுக்கு அனுப்புவதால் யாருக்கு லாபம்? வயது வந்தபின் அவர்களே கேட்டால் செய்யலாம். முடிவைக் கல்யாணத் தரகரின் காதுக்கு எட்டவிடாமல் காப்பதும் வைத்தியரின் கடமை.

கடைசியாக, வியாதி உள்ளவர்களே கேட்கும் கேள்வி: "என் பிள்ளைக்கும் வருமா?" பார்க்கின் வகையில் இரண்டு பிரதியும் பழுதாக இருப்பதால் அவர் பெறும் ஒவ்வொரு பிள்ளையும் காவியாக இருப்பது நிச்சயம். ஆனால் அவருடைய துணைவரிடம் அந்தப் பழுது இல்லையென்றால் பிள்ளைகள் ஒருவருக்கும் இந்த வாலிப வயது வியாதி வராது. உறவில்லாத இடத்தில் மணம் முடித்தால் துணைவரும் காவியாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. மாமன் மகளையோ அத்தை மகளையோ மணந்தால், அவள் காவியாக இருக்க நான்கில் ஒன்று, பிள்ளைக்கு வியாதி வர எட்டில் ஒன்று. சொந்த அக்காள் மகளை மணந்தால் பிள்ளைக்கு ஆறில் ஒன்று. எனவே கல்யாணம் செய்யலாமா என்று கேட்கிறவர்களுக்கு, செய்யலாம், பெண்ணிடமோ மாப்பிள்ளையிடமோ வியாதியை மறைக்காமல் சொல்லி, சொந்தத்துக்கு வெளியே பார்த்துச் செய்யுங்கள் என்று நாம் சொல்லலாம்.